கடன் சுமை யார் தோளில்: இலங்கை, கானா, ஜமைக்கா போன வழிகள்

2022 ஜனவரி 18 அன்று இலங்கை அரசு 50 கோடி டாலர் பிணைமுறிக் கடன் (சந்தையில் முறி, அதாவது கடன் பத்திரம், விற்று வாங்கிய கடன்) ஒன்றை ஒரு சதம் குறையாமல் அடைத்தது. பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்த மாதம் அது. கடன் தவறாத நாடு என்ற பெயரைக் காப்பாற்றியாயிற்று என்று கொழும்பில் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சரியாகப் பன்னிரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைப்பதாக அதே அரசு அறிவித்தது. மே மாதத் தொடக்கத்தில் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் கையிருப்பைச் சொன்னார்: பயன்படுத்தக்கூடிய அந்நியச் செலாவணி 5 கோடி டாலருக்கும் குறைவு. ஜனவரியில் தூக்கிக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

கடனை அடைக்க முடியாமல் போகும் நாட்டின் முன்னால் மூன்று முடிவுகள் வரிசையாக வந்து நிற்கும். எப்போது நிறுத்துவது? வெளிநாட்டுக் கடன்காரர்களிடம், அதாவது கடன் கொடுத்தவர்களிடம், எதைக் கேட்பது? உள்நாட்டில் யார் கையில் இருக்கும் அரசுப் பத்திரங்களைத் தொடுவது? முதல் இரண்டைப் பற்றித்தான் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. எனக்கு மூன்றாவதுதான் முக்கியம். வெளியாரோடு பேசும்போது அரசின் கை பெரும்பாலும் கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்குள் பங்கு பிரிக்கும்போதுதான் அது தன் விருப்பப்படி நடக்கிறது. இலங்கை பிரித்த விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன் மற்ற இரண்டையும் கடந்து வர வேண்டும்.

நிறுத்துவதா, இழுத்துப் பிடிப்பதா

பணம் முழுவதும் தீர்வதற்கு முன்பே கடன்காரர்களைக் கூப்பிட்டுப் பேசிய நாடு உருகுவே. பக்கத்து வீடான அர்ஜென்டினா 2001 இறுதியில் கவிழ்ந்தபோது உருகுவேயின் வங்கிகளிலிருந்து வைப்புப் பணம் வெள்ளமாக வெளியேறியது. 2002 ஜூலை இறுதியில் வங்கிகளைச் சில நாள் மூட வேண்டியதாயிற்று. அமெரிக்க அரசு 150 கோடி டாலரைக் கைமாற்றாகக் கொடுத்து முட்டுக் கொடுத்தது. அடுத்த வசந்தத்தில் உருகுவே தன் பிணைமுறிக்காரர்களிடம் போய், அசலைக் குறைக்க வேண்டாம், தவணையை ஏறத்தாழ ஐந்தாண்டு தள்ளி வையுங்கள் என்றது. 2003 மே மாதத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல் ஒப்புக்கொண்டார்கள். பேச்சு தொடங்கி முடிந்தது சில மாதங்களில். அதே ஆண்டுக்குள் அந்த நாடு மீண்டும் சந்தையில் கடன் வாங்கியது.

இதற்கு நேரெதிர் சாம்பியா. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் விட்டது. பிணைமுறிக்காரர்களோடு கணக்குத் தீர 2024 ஜூன் ஆகிவிட்டது. நடுவில் ஒரு முறை பிணைமுறிக்காரர்களோடு பேசி முடித்த ஒப்பந்தத்தை, எங்களைவிட அவர்களுக்கு அதிகம் கொடுக்கிறீர்கள் என்று கடன் கொடுத்த அரசுகள் தட்டிவிட்டன. மூன்றரை ஆண்டு நாட்டின் முதலீடு அந்தரத்தில் தொங்கியது.

இலங்கை ஏன் உருகுவே வழியில் போகவில்லை? 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். வருவாய் சரிந்தது. தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 2020இல் தரத்தை இறக்கின. வெளிநாட்டுச் சந்தைக் கதவு அடைபட்டது. அடகு நகையை மீட்க இன்னொரு நகையை அடகு வைப்பதுபோல் பழைய முறியைப் புதிய முறி விற்று அடைத்துவந்த வழக்கம் அத்தோடு நின்றது. அன்றே பேசத் தொடங்கியிருக்க வேண்டும். 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு 2022 மார்ச்சில் 190 கோடிக்கு வந்தது. அதிலும் பெரும்பகுதி சீனாவோடு செய்த நாணயப் பரிமாற்றம், எடுத்துச் செலவழிக்க முடியாதது.

அரசியல்வாதிகள் ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவையில்லை. நிறுத்துவதாக அறிவிப்பவர் பெயர் வரலாற்றில் பதிகிறது. கையிருப்பைக் காலி செய்தவர் பெயர் கலங்கிய தண்ணீரில் மறைந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உருகுவேக்குத் தேவைப்பட்டது கால அவகாசம் மட்டுமே. 2022இல் இலங்கையின் பொதுக்கடன் ஆண்டு உற்பத்தியில் 128 சதவீதம். முன்கூட்டியே பேசியிருந்தாலும் அசலில் வெட்டு இல்லாமல் தப்பியிருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்துக்கும் எரிபொருளுக்கும் கையில் டாலர் இருந்திருக்கும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனபோது வடக்கின் மீனவர்கள் படகைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். எரிபொருளுக்கான டாலர் எதற்குச் செலவானது என்ற கேள்விக்கு ஜனவரி 18 பதிலின் ஒரு பகுதி.

கடன்காரர்களுக்குள்ளும் இது ஓரவஞ்சனைதான். ஜனவரியில் முதிர்ந்த முறியை வைத்திருந்தவருக்கு முழுப்பணம். ஜூலை 25 அன்று முதிர வேண்டிய 100 கோடி டாலர் முறியை வைத்திருந்தவருக்கு வெறுங்கை. அந்த ஜூலை முறியில் கால்வாசிக்கு மேல், அதாவது 25 கோடி டாலருக்கும் அதிகமாக, கையில் வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி ஜூன் மாதமே நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. 2012இல் வெளியிட்ட அந்த முறியின் விதிப்படி நான்கில் மூன்று பங்கினர் ஒப்பினால்தான் மாற்றம் எல்லோரையும் கட்டுப்படுத்தும். கால்பங்குக்கு மேல் வைத்திருப்பவர் தனியாளாக நின்று மறித்துவிடலாம். அடுத்தடுத்து வந்த முறிகளில் எல்லா வரிசைகளையும் சேர்த்து வாக்கெடுக்கும் விதி வந்துவிட்டது. பழைய முறிகளின் பொடி எழுத்தைக் கடன் வாங்கும் நாளிலேயே படிக்க வேண்டும் என்பது அர்ஜென்டினா பதினைந்தாண்டு வழக்காடிக் கற்ற பாடம். ஒரு கட்டத்தில் கடன்காரர்கள் கேட்டு அதன் கடற்படைப் பயிற்சிக் கப்பலையே கானாவின் தெமா துறைமுகத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

வெட்டுவதா, நீட்டுவதா

வெளிநாட்டுக் கடனில் செய்தித் தலைப்பாவது எப்போதும் 'எத்தனை சதவீதம் வெட்டு' என்பதுதான். அந்த எண்ணை மட்டும் பார்த்து யார் வென்றார் என்று முடிவு கட்டுவது ஏமாற்றும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

100 டாலர் கடன். முதல் வழியில் அசலில் 30ஐ வெட்டுகிறோம். மீதி 70ஐ ஐந்தாண்டில் தருகிறோம், ஆண்டுக்கு 6 சதவீத வட்டி. இரண்டாம் வழியில் அசலைத் தொடுவதில்லை. 100ஐயும் பதினைந்தாண்டு கழித்துத் தருகிறோம், வட்டி 4 சதவீதம். காலம் கடந்து வரும் பணத்தின் இன்றைய மதிப்பை 11 சதவீதம் கழித்துக் கணக்கிட்டால் முதல் வழியில் கடன்காரருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 57 டாலர், இரண்டாவதில் 50. வெட்டே இல்லாத வழியில்தான் அவருக்கு நட்டம் அதிகம். அதே கணக்கை 5 சதவீதத்தில் போடுங்கள்: முதலாவது 73, இரண்டாவது 90. வரிசை தலைகீழாகிவிட்டது.

கடன்காரர்கள் ஏன் ஒருவரோடொருவர் ஒத்துப்போவதில்லை என்பது இந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது. பிணைமுறி வாங்கும் நிதியங்கள் உயர்ந்த கழிவு விகிதத்தில் சிந்திக்கின்றன. இன்று கொஞ்சம் வெட்டுங்கள், சீக்கிரம் கொடுங்கள், வட்டியை நன்றாகப் போடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அரசுகளுக்கும் அரசு வங்கிகளுக்கும் பணத்தின் விலை குறைவு. ஆனால் அசலில் கை வைத்தால் தங்கள் நாட்டில் கேள்வி வரும். எனவே அவர்கள் நீட்டிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1990இல் மெக்சிகோவுக்கு அமெரிக்க நிதியமைச்சர் நிக்கோலஸ் பிராடியின் பெயரில் வந்த திட்டம் இதை உணவுப்பட்டியல்போல் வைத்தது: 35 சதவீத வெட்டு வேண்டுமா, அசல் முழுதாக இருந்து 6.25 சதவீத நிலையான வட்டி போதுமா, அல்லது புதுக்கடன் தருகிறீர்களா? எது வசதியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தலைமை ஏற்ற கடன்காரர் குழுவோடு 580 கோடி டாலருக்கும், சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு 420 கோடிக்கும் 2024 ஜூனில் கையெழுத்தானது. அசல் தவணைகள் 2028 வரை தள்ளிவைக்கப்பட்டன. வட்டி குறைந்தது. இறுதித் தவணை 2043 வரை போகிறது. மேடையில் முழங்க ஒரு வெட்டும் கிடையாது. பிணைமுறிக்காரர்களோடு 1,255 கோடி டாலருக்கு 2024 டிசம்பரில் பரிமாற்றம் முடிந்தது. அசலில் 27 சதவீத வெட்டு. மேடைக்கு இது கிடைத்தது. எது நாட்டுக்கு அதிகப் பயன் என்று கேட்டால், நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

பிணைமுறிப் பரிமாற்றத்தில் இன்னொரு அம்சம் இருக்கிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2025 முதல் 2027 வரையிலான நாட்டின் சராசரி உற்பத்தி எதிர்பார்த்ததைவிட மேலே போனால் 2028 முதல் கடன்காரர்களுக்கு அதிகம் கொடுக்க வேண்டும். கீழே போனால் குறைவு. நாடு வளர்ந்தால் நீயும் பங்கு எடு, தளர்ந்தால் நீயும் தாங்கு என்பது கேட்க அழகாக இருக்கிறது. உற்பத்தியை டாலரில் அளக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். ரூபாய் வலுவடைந்தாலே டாலர் உற்பத்தி ஏறிவிடும். உற்பத்தி உண்மையில் கூடிய அளவைவிடக் கொடுக்க வேண்டிய தொகை அதிகமாக உயரலாம்.

அர்ஜென்டினா 2005இல் இதேபோல் வளர்ச்சியோடு கட்டிய பத்திரங்களைக் கொடுத்தது. பல ஆண்டு கழித்து உற்பத்திக் கணக்கின் அடிப்படை ஆண்டை மாற்றியபோது, 2013க்குத் தர வேண்டியதைத் தராமல் தப்பப் பார்க்கிறீர்கள் என்று வழக்கு வந்தது. 2023 ஏப்ரலில் லண்டன் நீதிமன்றம் 133 கோடி யூரோ கொடுக்கச் சொன்னது. புள்ளிவிவரத் துறையின் வேலையைப் பொருளாதார வல்லுநர்களிடமிருந்து பிடுங்கி வழக்கறிஞர்களிடம் கொடுப்பதுதான் இந்த வகைப் பத்திரம்.

இதற்கு மாற்றாக நான் விரும்புவது கிரெனடாவின் வழி. 2015 மறுசீரமைப்பில் அந்தக் குட்டித் தீவு, சூறாவளி அடித்தால் தவணை தானாகத் தள்ளிப்போகும் என்று ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டது. 2024இல் பெரில் சூறாவளி வந்தது, விதி வேலை செய்தது. காற்றின் வேகத்தை யாரும் அடிப்படை ஆண்டு மாற்றித் திருத்த முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைச் சின்னாபின்னமாக்கியபோது இந்த விதிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் பங்கு பிரித்த கதை

2023 மார்ச் 20 அன்று ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு நான்காண்டில் ஏறத்தாழ 300 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதோடு சில எல்லைகளையும் வரைந்தது. 2032க்குள் பொதுக்கடன் உற்பத்தியில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். 2027 முதல் 2032 வரை அரசின் மொத்த நிதித் தேவை சராசரியாக ஆண்டு உற்பத்தியில் 13 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அந்நிய நாணயத்தில் கடன் கட்டும் தொகை அந்த ஆண்டுகளில் எதிலும் 4.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எவ்வளவு குறைய வேண்டும் என்று இந்த எல்லைகள் சொல்கின்றன. யாரிடமிருந்து குறைய வேண்டும் என்று சொல்லவில்லை. அரசின் நிதித் தேவையில் பெரும்பங்கு உள்நாட்டுத் திறைசேரி உண்டியல்களையும் (ஓராண்டுக்குள் முதிரும் அரசுக் கடன் பத்திரங்கள்) நீண்ட கால முறிகளையும் புதுப்பிப்பதில் போகிறது என்பதால், 13 சதவீதத்தை எட்ட உள்நாட்டிலும் யாரையாவது தொட்டாக வேண்டும்.

யாரை? அரசுப் பத்திரங்களை வைத்திருந்தவர்கள் நால்வர்: மத்திய வங்கி, வணிக வங்கிகள், ஓய்வூதிய நிதியங்கள், பணமுள்ள தனியாரும் நிறுவனங்களும்.

2023 ஜூன் கடைசி வாரம் வங்கிகளுக்கு ஐந்து நாள் விடுமுறை கிடைத்தது. ஹஜ்ஜுப் பெருநாள், சிறப்பு விடுமுறை, சனி, ஞாயிறு, போயா (முழுநிலா நாள்). அந்த இடைவெளியில் திட்டத்தை அறிவித்து ஜூலை 1 சனிக்கிழமை நாடாளுமன்றத்தில் 122க்கு 62 என்று நிறைவேற்றினார்கள். 'மறுசீரமைப்பு' என்ற சொல் பயமுறுத்தும் என்று, உகந்த நிலைக்குக் கொண்டுவருவது என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள் நீண்ட கால முறிகளாயின. அது அரசின் ஒரு பையிலிருந்து மறுபைக்கு மாற்றியது போலத்தான். ரூபாய் முறிகளில் வணிக வங்கிகளுக்கு விலக்கு. தனியாருக்கு விலக்கு. எஞ்சியது ஓய்வூதிய நிதியங்கள். அவற்றில் மிகப்பெரியது ஊழியர் சேமலாப நிதியம்.

தனியார் துறையில் வேலை செய்பவர் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் மாதாமாதம் போய்ச் சேரும் இடம் அது. 1958இல் தொடங்கியது. ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்ணும் நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளியும் அதில் உறுப்பினர்கள். சில விலக்குகள் தவிர, ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது வரை பணத்தைத் தொட முடியாது. நிதியத்தின் முதலீட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் அரசுப் பத்திரங்கள். முதலீட்டை நிர்வகிப்பது மத்திய வங்கி. அன்று அரசின் கடனுக்கு ஆலோசனை சொன்னதும் அதே மத்திய வங்கி. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே வக்கீல்.

நிதியத்துக்கு முன்னால் இரண்டு வாசல் வைத்தார்கள். பழைய முறிகளைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12 சதவீதமும் அதற்குப் பிறகு 9 சதவீதமும் வட்டி தரும் நீண்ட கால முறிகளை வாங்கிக்கொள்ளலாம். மறுத்தால், முறி வருமானத்துக்கு 14 சதவீதமாக இருந்த வரி 30 ஆகும். இதை 'விருப்பப் பரிமாற்றம்' என்று அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். நிதியம் சம்மதித்தது.

அதே காலத்தில் திறைசேரி உண்டியல் வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் மூன்று மாத உண்டியலின் வட்டி 30 சதவீதத்துக்கு மேல் போனது. கையில் ரொக்கம் இருந்தவர்கள் அதில் போட்டார்கள். அவர்களுக்கு ஒரு சதம் வெட்டு இல்லை. 2022 செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டு சேமலாப நிதியம் உறுப்பினர் கணக்கில் வரவு வைத்தது 9 சதவீதம். பணவீக்கமே ஒரு வெட்டை முடித்துவிட்ட கணக்கில்தான் இரண்டாவது வெட்டு விழுந்தது.

அரசுத் தரப்பு வாதம் வலுவில்லாதது என்று சொல்ல மாட்டேன். உண்டியல்காரர்களைத் தொட்டால் அடுத்த வாரம் யாரும் புதிய உண்டியல் வாங்க மாட்டார்கள், அரசுக்குச் சம்பளம் போடப் பணம் இருக்காது. வங்கிகளோ ஏற்கனவே வெளிநாட்டுப் பிணைமுறிகளிலும் வாராக்கடனிலும் அடிபட்டிருந்தன. அவற்றின் ரூபாய் முறிகளையும் வெட்டினால் வைப்பாளர்கள் பணத்தைக் கேட்டு ஓடிவருவார்கள். உள்நாட்டு முறிகளைத் தொடாமலேயே வங்கிகளின் மூலதனத்தை நிரப்ப 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 45,000 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டிவந்தது. நிதியத்தின் தரப்பிலும் ஒன்று சொல்ல வேண்டும்: 2023க்கு அது 13 சதவீதம் கொடுத்தது. கணக்கில் இருந்த எண் யாருக்கும் குறையவில்லை.

ஆனாலும் இந்த வாதம் முழுவதும் ஒரே தூணில் நிற்கிறது. ஓடக்கூடியவர்களைத் தொட்டால் ஓடிவிடுவார்கள், ஆகவே ஓட முடியாதவர்களைத் தொட்டோம் என்பதுதான் அந்தத் தூண்.

வேறு நாடுகள் எப்படிப் பிரித்தன?

சாம்பியா உள்நாட்டுக் கடனைத் தொடவே இல்லை. உள்ளூர் நாணய முறிகளில் வெளிநாட்டவர் கணிசமாக இருந்ததால் கடன் கொடுத்த அரசுகள் முகம் சுளித்தன. அதன் விலை வெளிநாட்டுப் பேச்சு இழுபட்டதில் தெரிந்தது. இந்த வழி உள்நாட்டுக் கடன் சிறிதாக இருக்கும் நாட்டுக்குத்தான் பொருந்தும். இலங்கைக்குப் பொருந்தாது.

கானா எதிர்த்திசையில் போனது. 2022 டிசம்பர் 5 அன்று உள்நாட்டு முறிப் பரிமாற்றத்தை அறிவித்தது, இரண்டு வாரத்தில் வெளிநாட்டுக் கடனையும் நிறுத்தியது. முதலில் தனிநபர்களுக்கு விலக்கு என்றது, பிறகு சேர்த்தது. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் என்று மிரட்டியதும் ஓய்வூதிய நிதியங்களை வெளியே விட்டது, அடுத்த ஆண்டு வேறு நிபந்தனைகளில் மறுபடி உள்ளே இழுத்தது. 2023 பிப்ரவரியில் அக்ராவில் நிதியமைச்சகத்தின் வாசலில் ஓய்வு பெற்றவர்கள் பதாகையோடு நின்றார்கள். அவர்களோடு முன்னாள் தலைமை நீதிபதி சோபியா அக்குஃபோவும் வந்து நின்றார். அரசு பணிந்தது, ஓய்வு பெற்ற முறிக்காரர்களுக்கு விலக்கு கிடைத்தது. வங்கிகள் தப்பவில்லை. பல வங்கிகள் 2022 கணக்கில் நட்டம் காட்டின. கானாவின் மத்திய வங்கியே 6,080 கோடி செடி (கானாவின் நாணயம்) நட்டம் காட்டியது, அதற்கும் ஊர்வலம் வந்தது.

கானாவின் வழி குளறுபடி நிறைந்தது. வாரத்துக்கொரு விதி மாறினால் நம்பிக்கை எங்கே நிற்கும்? ஆனாலும் அங்கே ஓய்வூதியக்காரர்கள் தெருவில் நின்று பேரம் பேச முடிந்தது. இலங்கையில் விடுமுறை வார இறுதியில் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் ஒப்பிட விரும்பும் நாடு ஜமைக்கா. 2010 தொடக்கத்தில் உள்நாட்டு அரசு முறிகள் எல்லாவற்றையும், ஏறத்தாழ 70,000 கோடி ஜமைக்கா டாலரை, ஒரே பரிமாற்றத்தில் மேசைக்குக் கொண்டுவந்தது. அசலில் வெட்டு இல்லை. வட்டியைக் குறைத்தார்கள், காலத்தை நீட்டினார்கள். வங்கி, காப்புறுதி நிறுவனம், ஓய்வூதிய நிதியம் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் அதே விதி. 99 சதவீதத்துக்கும் மேல் பங்கெடுத்தார்கள். பணத்தட்டுப்பாட்டில் சிக்கும் நிறுவனங்களுக்கென்று சர்வதேச அமைப்புகளின் உதவியோடு ஒரு தாங்கு நிதியை முன்கூட்டியே தயாராக வைத்திருந்தார்கள். ஒரு வங்கியும் விழவில்லை. சுமை அகலமாகப் பரவியது, அதனால் எந்த இடத்திலும் ஆழமாக இறங்கவில்லை.

ஜமைக்காவைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அரசு செலவைக் கட்டுப்படுத்தத் தவறியதால் மூன்றே ஆண்டில், 2013இல், அதே முறிக்காரர்களிடம் மறுபடி போய் நிற்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் உண்மையான இறுக்கம் வந்தது. அரசு ஊழியர் சம்பளம் ஆண்டுக்கணக்கில் உறைந்தது. 2013இல் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்த கடன் பத்தாண்டில் முக்கால் மடங்குக்கு இறங்கியது. அதில் பெரும்பங்கு முறிப் பரிமாற்றத்தால் வந்ததல்ல, வயிற்றைக் கட்டி வந்தது. அங்கே முறிகள் சில பெரிய நிறுவனங்களின் கையில் குவிந்திருந்ததால் பேசி முடிப்பதும் சுலபம்.

இலங்கையில் அந்த வழி நடந்திருக்குமா? உண்டியல்களை வெளியே விட்டுவிட்டு நீண்ட கால முறிகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம். வங்கிகளின் முறிகளுக்கு அசல் வெட்டு இல்லாமல் மிதமான வட்டிக் குறைப்பு. கணக்கேட்டில் நட்டத்தைப் படிப்படியாகக் காட்ட அனுமதி. மூலதனத்துக்கென்று ஒதுக்கிய பணத்தைத் தாங்கு நிதியாக முன்னால் வைப்பது. அப்போது சேமலாப நிதியத்தின் பங்கு சிறியதாகியிருக்கும். ஆபத்து இல்லாத வழி என்று சொல்லவில்லை. வங்கி ஓட்டம் பற்றிய பயம் 2023இல் கற்பனையுமல்ல. ஆனால் அந்த ஆபத்தை எடைபோட்டுப் பார்த்து நிராகரித்தார்கள் என்பதற்கான விவாதம் நாடாளுமன்றத்தில் ஒரு சனிக்கிழமைக்குள் அடங்கிவிட்டது.

ஒரு நிதியமைச்சர் நாளை என்னிடம் வந்து எது நல்ல வழி என்று கேட்டால் நான் சொல்வது இதுதான். சந்தைக் கதவு அடைபட்ட காலாண்டிலேயே பேச்சைத் தொடங்குங்கள், கையிருப்பில் கடைசிப் பணத்தை ஒரு முறிக்காரருக்குக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டாரிடம் வெட்டைவிட நீண்ட காலத்தையும் குறைந்த வட்டியையும் கேளுங்கள், தலைப்புச் செய்தி சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. வளர்ச்சியோடு கட்டிய பத்திரத்தைத் தவிர்க்க முடியாவிட்டால் டாலரில் அளக்காதீர்கள், பேரிடர் விதியைச் சேருங்கள். உள்நாட்டில் ஜமைக்காவைப்போல் பரப்புங்கள். உள்நாட்டுக் கடன் மிகச் சிறியதாக இருந்தால் மட்டும் சாம்பியாவைப்போல் விட்டுவிடுங்கள். வங்கிகள் ஏற்கனவே விழும் நிலையில் இருந்தால் என் ஆலோசனை செல்லாது. அப்போது இலங்கை செய்ததற்கு நெருக்கமாகத்தான் வர வேண்டியிருக்கும். ஆனால் அந்த நிலையிலும், பணத்தைப் பூட்டிவைத்திருக்கும் தொழிலாளிக்குப் பிற்காலத்தில் ஈடு செய்யும் ஒரு விதியை எழுதி வையுங்கள். வெளிநாட்டு நிதியங்களுக்கு நாடு வளர்ந்தால் கூடுதல் பங்கு தரும் விதியை எழுத முடிந்த கைக்கு இதை எழுதுவது கடினமல்ல.

2026 தொடங்கியதும் சேமலாப நிதியத்தின் புதிய முறிகளின் வட்டி 12இலிருந்து 9க்கு இறங்கியது. அந்த முறிகள் 2038 வரை போகின்றன. 2028இல் உற்பத்திச் சராசரியைக் கணக்கிட்டுப் பார்த்து, எண் எதிர்பார்ப்பைத் தாண்டியிருந்தால், வெளிநாட்டு முறிக்காரர்களுக்குக் கொடுப்பது உயரும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கணக்குக்கு அப்படி ஒரு திகதி குறிக்கப்படவில்லை.